வீட்டு விலை இறங்கினால் வரியில் கழிக்கலாமா? ஜொகூர் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தைப்பூச விடுமுறையில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடிந்ததும் ஒரு கோப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்த்து, அறுபதை நெருங்கும் வயதில்தான் சொந்தப் பெயரில் ஒரு மாடி வீடு வாங்கினார்.

"நீ பேப்பர்ல எழுதுற பிள்ளைதானே, இதுக்கு ஒரு வழி சொல்லும்மா. 380,000 வெள்ளிக்கு வாங்கினேன். இப்ப ஏஜெண்டு 330,000-க்கு மேல போகாதுங்கிறான். 50,000 வெள்ளி போச்சு. அதை இன்கம் டேக்ஸ்ல கழிச்சுக்கலாம்னு பக்கத்து வீட்டுப் பையன் சொல்றான். நிஜமா?"

ஜொகூரில் இந்தக் கேள்வியைக் கேட்பவர் மாமா மட்டுமல்ல. விற்காத வீடுகள் அதிகம் தேங்கிய மாநிலங்களின் பட்டியலில் ஜொகூர் பல ஆண்டுகள் முன்னணியில் இருந்தது. 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. 2023 மார்ச்சில் சிகாமாட், பத்து பகாட், குளுவாங் வட்டாரங்களில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. இப்படி ஒவ்வொன்று நடக்கும்போதும், கடன் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் 'நம் வீட்டுக்கு இனி என்ன விலை?' என்றுதான் முதலில் யோசிக்கின்றன.

மாமாவின் கேள்விக்குச் சுருக்கமான பதில்: சந்தை விலை இறங்கியதை வருமான வரியில் கழிக்க முடியாது. ஆனால் அதே இழப்பைக் காட்டக்கூடிய வேறு சில இடங்கள் உண்டு. அவற்றில் ஒன்று ஜொகூருக்கே உரியது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வருமான வரியில் ஏன் முடியாது?

நம் நாட்டின் 1967 வருமான வரிச் சட்டம் ஒரு செலவைக் கழிக்க அனுமதிக்க வேண்டுமானால், அந்தச் செலவு முழுக்க முழுக்க வருமானத்தை ஈட்டுவதற்காகவே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். சட்டத்தின் 33-ஆவது பிரிவு சொல்வது இதைத்தான். குடும்பச் செலவையும் சொந்தச் செலவையும் முதலீட்டுத் தொகையையும் கழிக்கக் கூடாது என்று 39-ஆவது பிரிவு தடுக்கிறது. நாம் குடியிருக்கும் வீடு சம்பளத்தை ஈட்டித் தருவதில்லை. அதன் விலை குறைவது நம் முதலில் ஏற்படும் தேய்வுதான், வருமானத்துக்கான செலவு அல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. விற்காத வரை அந்த 50,000 வெள்ளி காகிதத்தில் உள்ள இழப்பு மட்டுமே. அடுத்த ஆண்டு விலை ஏறவும் கூடும். ஏறும்போது, 'உங்கள் வீடு 50,000 வெள்ளி உயர்ந்திருக்கிறது, அதற்கு வருமான வரி கட்டுங்கள்' என்று வரி வாரியம் கேட்பதில்லை. ஏற்றத்துக்கு வரி இல்லாத இடத்தில் இறக்கத்துக்கும் கழிவு இல்லை.

சிங்கப்பூரில் வேலை செய்து அங்கே வரி கட்டும் ஜொகூர்வாசிகளுக்கும் இதே பதில்தான். அங்கே மூலதன ஆதாயத்துக்கு வரி இல்லை. ஆகவே மூலதன இழப்புக்குக் கழிவும் இல்லை.

இயற்கைப் பேரிடர் போன்ற இழப்புகளுக்குத் தனிமனிதர்களுக்குக் கழிவு தரும் அமெரிக்காவிலும் இந்தக் கோரிக்கை எளிதில் நிற்காது. 1994-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பிரெண்ட்வுட் பகுதியில், கொலை வழக்கில் சிக்கிய விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்சனின் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தம்பதியர் வீடு வாங்கினர். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தாலும் ஊடகக்காரர்களாலும் தங்கள் வீட்டு மதிப்பு விழுந்துவிட்டது என்று கூறி, 751,427 டாலர் கழிவு கேட்டனர். அமெரிக்க வரி நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் அதை நிராகரித்தது. வீட்டுக்கு நேரடிச் சேதம் ஏதும் இல்லை, விலைச் சரிவும் தற்காலிகமானதே என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். 2018 முதல் அங்கே விதி இன்னும் இறுகி, அரசு அறிவித்த பேரிடர்களோடு நின்றது. மலேசியாவில் சொந்த வீட்டுக்கு அந்த அளவுக்குக்கூட ஒரு கழிவு இல்லை.

எனவே, 'எங்கள் ஏஜெண்டு பாரத்தில் போட்டுத் தருவார்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். தவறான விவரம் தந்ததாக 113-ஆவது பிரிவின் கீழ் நடவடிக்கை வந்தால், குறைத்துக் கட்டிய வரிக்குச் சமமான தொகையை அபராதமாக விதிக்கலாம். வழக்குக்குப் போனால் 1,000 முதல் 10,000 வெள்ளி வரை தண்டமும், குறைந்த வரியின் இரு மடங்கும் வரலாம். பாரத்தில் கையெழுத்து நம்முடையது, பொறுப்பும் நம்முடையதே.

வீட்டுக்காக எதைக் கழிக்கலாம்?

விலை இறக்கத்தைக் கழிக்க முடியாவிட்டாலும், வீடு சம்பந்தப்பட்ட சில கழிவுகள் உண்மையிலேயே இருக்கின்றன. பலர் அவற்றைக் கோராமல் விட்டுவிடுகிறார்கள்.

முதல் வீடு வாங்குவோருக்கு வங்கிக் கடன் வட்டியில் வரி விலக்கு உண்டு. விற்பனை ஒப்பந்தம் 2025 ஜனவரி 1 முதல் 2027 டிசம்பர் 31-க்குள் கையெழுத்தாகியிருக்க வேண்டும். வீட்டு விலை 500,000 வெள்ளி வரை என்றால் ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரையிலும், அதற்கு மேல் 750,000 வெள்ளி வரை என்றால் ஆண்டுக்கு 5,000 வெள்ளி வரையிலும் கழிக்கலாம். வட்டி கட்டத் தொடங்கியதிலிருந்து தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு இது கிடைக்கும். வீட்டில் நாம் குடியிருக்க வேண்டும். வாடகைக்கு விட்ட வீட்டுக்கு இது பொருந்தாது.

வாடகைக்கு விட்டவர்கள், கிடைத்த வாடகையிலிருந்து கடன் வட்டி, நில வரி, மதிப்பீட்டு வரி, தீ காப்புறுதி, பழுதுபார்ப்புச் செலவு ஆகியவற்றைக் கழிக்கலாம். விலை விழுந்த தாமான்களில் வாடகையும் விழுவதால் இதைக் கவனமாகச் செய்ய வேண்டும். செலவு வாடகையைவிட அதிகமானால், சாதாரண வாடகை வருமானத்தைப் பொறுத்தவரை மிச்ச நட்டம் அந்த ஆண்டோடு போய்விடும். அதைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது, அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது.

வீடுகளை வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்பவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு வீடு என்பது சரக்கு. அதில் வரும் நட்டம் வியாபார நட்டம்.

நட்டத்தில் விற்றால்: சொத்து ஆதாய வரி

விலை இறக்கம் வரிக் கணக்கில் உண்மையான இழப்பாக மாறுவது வீட்டை விற்கும்போதுதான். அதற்கான சட்டம் 1976-ஆம் ஆண்டின் சொத்து ஆதாய வரிச் சட்டம். மலாயில் சுருக்கமாக சி.கே.எச்.தி. என்பார்கள்.

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வாங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு வரி. நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டிலிருந்து வரி இல்லை. 2022 முதல் நடப்பில் உள்ள விகிதம் இது. ஆகவே இழப்புக் கணக்கு முக்கியமாகத் தேவைப்படுவது, வாங்கி ஐந்து ஆண்டுக்குள் விற்க நேர்ந்தவர்களுக்குத்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் 400,000 வெள்ளிக்கு வீடு வாங்குகிறார். வழக்கறிஞர் கட்டணம், முத்திரை வரி என 12,000 வெள்ளி ஆகிறது. வாங்கிய விலை 412,000. மூன்றாம் ஆண்டில் 370,000 வெள்ளிக்கு விற்கிறார். ஏஜெண்டு கமிஷன், வழக்கறிஞர் என்று 12,000 போக, விற்ற விலை 358,000. ஆக இழப்பு 54,000 வெள்ளி.

அதே ஆண்டில் அவர் இன்னொரு சொத்தை நான்காம் ஆண்டில் விற்று 80,000 வெள்ளி ஆதாயம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தனிமனிதருக்கு 10,000 வெள்ளி அல்லது ஆதாயத்தில் 10 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அது விலக்கு. இங்கே 10,000. மிச்சம் 70,000. அதிலிருந்து 54,000 இழப்பைக் கழித்தால் 16,000. இதற்கு 20 விழுக்காடு என்றால் வரி 3,200 வெள்ளி. இழப்பைக் காட்டாமல் விட்டிருந்தால் 14,000 வெள்ளி கட்டியிருப்பார்.

இந்தக் கழிவில் நினைவில் வைக்க வேண்டியவை:

1. இழப்பை இன்னொரு சொத்தின் ஆதாயத்தில்தான் கழிக்கலாம். சம்பளத்திலோ கடை வருமானத்திலோ கழிக்க முடியாது. ஒரே வீடு வைத்திருப்பவருக்கு உடனடிப் பயன் இருக்காது. ஆனால் கழியாத இழப்பை, முழுதும் தீரும்வரை அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம்.

2. நட்டத்தில் விற்றாலும் பாரம் அனுப்ப வேண்டும். விற்ற தேதியிலிருந்து 60 நாட்களுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைடேக்ஸ் தளத்தில் இதைச் செய்யலாம். 2025 ஜனவரி 1 முதல் விற்பவரே தம் வரியைக் கணக்கிட்டுக் கட்டும் முறை வந்துவிட்டது. எனவே இழப்பையும் நாம்தான் சரியாகக் காட்ட வேண்டும்.

3. வாங்குபவர் வழக்கமாக விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்து வரி வாரியத்தில் கட்டுவார். கட்ட வேண்டிய வரியைவிட அது அதிகமானால் மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே வழக்கறிஞரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

4. வீட்டின் மதிப்பைக் கூட்டிய வேலைகளுக்கான செலவு, விற்கும்போது வீட்டில் தெரிந்தால் கணக்கில் சேரும். ஆனால் ரசீது வேண்டும். 'தெரிந்த பையன் செய்தான், கையில காசு கொடுத்தேன்' என்பது கணக்கில் நிற்காது.

5. வீட்டுச் சேதத்துக்கோ மதிப்புக் குறைவுக்கோ நட்டஈடு அல்லது காப்புறுதிப் பணம் பெற்றிருந்தால், அந்தத் தொகை வாங்கிய விலையிலிருந்து கழிக்கப்படும். முன்பு விற்க முயன்று, வாங்க வந்தவர் விட்டுப்போன முன்பணத்தை வைத்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். ஒரே இழப்பை இரண்டு முறை காட்ட முடியாது.

6. அன்பின் பேரில் மகன், மகள், கணவன், மனைவி பெயருக்கு மாற்றினால் ஆதாயமும் இல்லை, இழப்பும் இல்லை என்றே கருதப்படும். பிள்ளை பெயருக்கு மாற்றிவிட்டு இழப்பைக் கோர முடியாது.

7. குடியிருந்த வீட்டை விற்கும்போது, வாழ்நாளில் ஒரே ஒரு முறை சொத்து ஆதாய வரியிலிருந்து முழு விலக்கு பெறலாம். ஆதாயம் சொற்பமாக இருக்கும்போது அதைப் பயன்படுத்தி வீணாக்க வேண்டாம்.

ஜொகூருக்கே உரிய வழி: மதிப்பீட்டு வரி

மாமாவின் கோப்பைப் புரட்டியபோது அடியில் இன்னொரு கடிதம் இருந்தது. ஊராட்சி மன்றத்திலிருந்து வந்தது, புதிய மதிப்பீட்டு அறிவிப்பு. 'அது சும்மா பில்லுதானேம்மா' என்றார். அதில் வீட்டு மதிப்பு 360,000 வெள்ளி என்று இருந்தது. அவருக்கு இப்போதைக்குப் பயன்படக்கூடிய காகிதம் அது ஒன்றுதான்.

வீட்டு வரி, சுக்காய் பிந்து என்று நாம் சொல்லும் மதிப்பீட்டு வரி 1976 ஊராட்சிச் சட்டத்தின் கீழ் வருகிறது. சட்டத்தின் 130-ஆவது பிரிவு இரண்டு அடிப்படைகளைத் தருகிறது. ஒன்று, ஆண்டு வாடகை மதிப்பு. மற்றொன்று, கட்டடத்தோடு சேர்ந்த சொத்தின் மதிப்பு. மலாயில் இதை நிலை தம்பா என்பார்கள். தீபகற்பத்தில் மற்ற மாநிலங்கள் வாடகை மதிப்பைப் பின்பற்ற, ஜொகூர் இந்த இரண்டாவது முறையைப் பின்பற்றி வருகிறது.

இந்த மதிப்புக்குச் சட்டம் தரும் விளக்கம் எளியது. விற்க விருப்பமுள்ள, ஆனால் விற்றே ஆகவேண்டிய கட்டாயம் இல்லாத ஓர் உரிமையாளர், வாங்க விரும்பும் ஒருவரிடமிருந்து நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய விலை. அதாவது சந்தை விலை. வாடகை மதிப்பை வைத்து வரி போடும் ஊரில் வீட்டு விலை பற்றி வாதாடுவது சுற்றி வளைத்த வேலை. ஜொகூரில் அது நேரடியான வாதம்.

எவ்வளவு மிச்சமாகும்? விகிதம் ஊருக்கு ஊர் மாறும். சொத்து மதிப்பில் 5 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டத்தின் உச்ச வரம்பு. நடைமுறையில் கட்டுவது அதைவிட மிகக் குறைவு. உதாரணத்துக்கு 0.15 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 360,000 வெள்ளி வீட்டுக்கு ஆண்டுக்கு 540 வெள்ளி. மதிப்பு 330,000 ஆனால் 495 வெள்ளி. மிச்சம் 45 வெள்ளி. பெரிய தொகை அல்ல. ஆனால் அடுத்த மதிப்பீடு வரும்வரை ஆண்டுதோறும் கிடைக்கும். ஒரே வரிசையில் உள்ள எல்லா வீடுகளும் சேர்ந்து கேட்டால், அது ஒரு தாமானின் கணக்கு.

ஆட்சேபம் தெரிவிப்பது எப்படி?

முதலில் கடிதத்தில் உள்ள மதிப்பைச் சந்தை விலையோடு ஒப்பிடுங்கள். பல இடங்களில் மதிப்பீட்டுப் பட்டியல் பழையது. அதில் உள்ள தொகை, விலை இறங்கிய பிறகும் சந்தை விலையைவிடக் குறைவாகவே இருக்கலாம். அப்படியானால் ஆட்சேபிக்கக் காரணம் இல்லை.

தொகை அதிகமாக இருந்தால் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். சொத்து அதன் மதிப்புக்கு மேல் மதிப்பிடப்பட்டிருக்கிறது என்பது 142-ஆவது பிரிவு ஏற்கும் காரணங்களில் ஒன்று. புதிய பட்டியலாக இருந்தால், அதைப் பரிசீலிக்கக் குறித்த தேதிக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன் கடிதம் போய்ச் சேர வேண்டும். இடையில் செய்யப்படும் திருத்தங்களுக்குக் கெடு வேறு. ஆகவே கடிதத்தில் அச்சிட்டுள்ள தேதியை முதலில் பார்த்து, நாட்காட்டியில் வட்டம் போடுங்கள்.

'விலை விழுந்துவிட்டது' என்று ஒரு வரி எழுதினால் போதாது. ஆதாரம் வேண்டும். ஒரே தாமானில், ஒரே வகை வீடு அண்மையில் விற்ற விலைகள் மிக வலுவான ஆதாரம். தேசியச் சொத்துத் தகவல் மையமான நேப்பிக் விற்பனைத் தரவுகளை வெளியிடுகிறது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை இருந்தால் நல்லது, ஆனால் அதன் கட்டணம் மிச்சமாகும் வரியைவிட அதிகமாகலாம். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து எடுப்பது புத்திசாலித்தனம். வெள்ளம் புகுந்த வீடு என்றால் தண்ணீர் நின்ற உயரம் தெரியும் படங்களைத் தேதியோடு இணையுங்கள்.

ஏஜெண்டு வாய்மொழியாகச் சொன்ன விலையும், இணையத்தில் விளம்பரம் செய்யப்பட்ட விலையும் விற்ற விலை ஆகாது. அவை துணை ஆதாரம் மட்டுமே.

விசாரணைக்கு அழைத்தால் தவறாமல் போங்கள். மன்றத்தின் முடிவில் திருப்தி இல்லை என்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போகச் சட்டம் வழிவிடுகிறது. அதற்கான கெடு குறுகியது, உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். எப்படியானாலும், ஆட்சேபம் நடக்கிறது என்று பில்லைக் கட்டாமல் விடாதீர்கள். நிலுவை சேர்ந்தால் பொருள்களைப் பறிமுதல் செய்யும் வாரண்டு வரை போகலாம்.

நிலம் எடுக்கப்பட்டால்

சாலைக்கோ இரயில் பாதைக்கோ அரசு நிலத்தில் ஒரு பகுதியை எடுத்தால், மிஞ்சிய பகுதியின் மதிப்புக் குறைவுக்கும் 1960 நிலக் கையகப்படுத்தும் சட்டத்தில் இழப்பீடு கேட்க இடமுண்டு. எடுக்கப்பட்ட சதுர அடிக்கு மட்டும் கணக்குப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். தீர்ப்பில் உடன்பாடு இல்லை என்றால் 'என்' பாரம் மூலம் ஆட்சேபிக்க வேண்டும். விசாரணைக்கு நேரில் போயிருந்தவருக்குத் தீர்ப்புத் தேதியிலிருந்து ஆறு வாரம்தான் அவகாசம். இப்படி எடுக்கப்படும் நிலத்துக்குச் சொத்து ஆதாய வரி இல்லை. அதே போல அதில் இழப்பையும் காட்ட முடியாது.

கோப்பில் இருக்க வேண்டியவை

விற்பனை ஒப்பந்தம், முத்திரை வரி ரசீது, வழக்கறிஞர் பில், கிராண்டு நகல், கடன் வட்டி அறிக்கை, புதுப்பிப்பு ரசீதுகள், காப்புறுதிக் கடிதங்கள், மதிப்பீட்டு வரி பில்கள், சேதப் படங்கள். வருமான வரிக்கான ஆவணங்களை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வீட்டுப் பத்திரங்களை வீடு கைமாறி, அதற்குப் பிறகும் ஏழு ஆண்டுகள் வைத்திருப்பது நல்லது. ரசீதின் மை மங்குவதற்குள் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

மாமா 50,000 வெள்ளி திரும்பக் கிடைக்கும் என்று நினைத்திருந்தார். கிடைக்காது என்றதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அந்தக் கடிதத்தில் உள்ள தேதியைப் பார்த்தோம். கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அன்று இரவே இருவரும் உட்கார்ந்து மலாயில் ஒரு கடிதம் எழுதினோம். அதே வரிசையில் அண்மையில் விற்ற மூன்று வீடுகளின் விலையை இணைத்தோம். மறுநாள் அவரே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வந்தார். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பையனும் இப்போது தன் பில்லை எடுத்துக்கொண்டு மாமாவிடம் வந்து நிற்கிறானாம்.